இருபத்தாறும் இருபத்தேழும்

இருமலை வெட்டுவேன்.
சாவிக்கொத்தின் சத்தத்தை வெட்டுவேன்.
தூரத்தில் இரும்புக் கதவு அறைவதை
முடிந்தவரை மழுக்குவேன்.
மூச்சை மட்டும் விட்டுவைப்பேன்.
வியாழக்கிழமைகளில் இதுதான் வேலை,
சம்பளம் கிடையாது.

யெல்காவா சிறையின் நூலக அறையில்
அப்பாக்கள் படப்புத்தகம் வாசிக்கிறார்கள்.
குரலும் புத்தகமும்
ஒரே உறையில் வீட்டுக்குப் போகும்.

புத்தகங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள்.
பேராசைக்கார வாத்து குளத்தையே குடித்து வீங்குகிறது.
பொய் சொன்ன காகத்தை
யாரும் விருந்துக்குக் கூப்பிடவில்லை.
எந்தக் குற்றமானாலும்
முப்பத்திரண்டு பக்கத்துக்குள் திருந்திவிட வேண்டும்.
கொலை வழக்கில் உள்ளே வந்த ஒருவர்
சோம்பேறி அணிலுக்காகத் தன் குரலை ஒடுக்கி
‘ஒரே ஒரு கொட்டை’ என்று கெஞ்சியதை
மூன்று முறை கேட்டேன்,
வெட்ட ஒன்றுமில்லாதபோதும்.

கிர்ட்ஸ் எடுத்தது முள்ளெலிக் கதை.
யாரும் கையில் திணிக்கவில்லை.
அட்டை நன்றாயிருந்தது, அதனால்தான் என்றார்.
கரடியின் தோட்டத்தில் ஆப்பிள் திருடுகிறது முள்ளெலி,
முதுகு முள்ளில் குத்திக் குத்தி
ஏழு.
இவர் திருடியது ரயில்பாதைத் தாமிரக் கம்பி,
நானூறு மீட்டர்.
சிக்னல்கள் இருண்டுபோய்
ஒரு ரயில் விடியும்வரை வயல்நடுவே நின்றதாம்.
நான் கேட்கவில்லை.
தேநீர் ஆறுகிற நேரத்தில்
காவலர் தானாகச் சொன்னார்.

நன்றாகத்தான் வாசித்தார்.
முள்ளெலிக்கு மூக்கடைத்த குரல்.
கரடிக்கு அவருடைய மாமனாரின் குரலோ என்னவோ,
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு செருமல்.
(அதை வெட்டவில்லை.)
இருபத்தைந்தாம் பக்கத்தில் முள்ளெலிக்குத் தூக்கமில்லை,
எப்படிப் புரண்டாலும் ஆப்பிள்.
அடுத்து, தாள் புரளும் ஓசை.
அதற்கடுத்து நேராக இருபத்தெட்டு:
எல்லோரும் மேசையைச் சுற்றி
சூடான ஆப்பிள் கேக் தின்கிறார்கள்.

இரண்டு தாள் சேர்ந்து புரண்டால்
ஓசையில் ஒரு கனம் ஏறும்.
பதினோரு வருடம் கேட்ட காது,
தப்பாது.

அலமாரியில் இன்னொரு பிரதி இருந்தது.
பிரித்தேன்.
அவர் தாண்டிய இடத்தில் இரண்டே வரி.
மன்னித்துவிடு என்கிறது முள்ளெலி.
மன்னித்தேன் என்கிறது கரடி.

விதிப்படி, பக்கம் விடுபட்டால்
மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை.
அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.

மே மாதம் லியெபாயாவிலிருந்து பதில் வந்தது,
மனைவி இங்கா கைபேசியில் பதிந்து அனுப்பியது.
பின்னணியில் டிராம் மணி, கிண்ணத்தில் கரண்டி.
மகள் மதாரா, ஐந்து வயது,
எழுத்து இன்னும் பிடிபடவில்லை,
வாயில் எதையோ மென்றுகொண்டே:

‘அப்பா, நடுவுல ஒரு படத்தை விட்டுட்டீங்க.
பரவால்ல, நான் படிக்கிறேன், கேளுங்க.
மழை பெய்யுது.
முள்ளெலி வாசல்ல நிக்குது.
ஆப்பிள் ஆறுதான் இருக்கு.
கரடி கதவைப் பாதிதான் தொறந்திருக்கு.
கோவம் எல்லாம் இல்ல,
அதுக்கு ஒரு கால்லதான் செருப்பு இருக்கு,
இன்னொண்ணைத் தேடுது.
அதான் லேட்டு.’

மறுபடி அந்தப் பிரதியைப் பிரித்தேன்.
நூறு முறை பார்த்த படம்.
கட்டிலுக்கு அடியில்
செருப்பின் நுனி கூடத் தெரிகிறது.
எழுதியவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்,
வரைந்தவருக்கு மனம் வரவில்லை போலும்.

டிராமை வெட்டவில்லை.
கரண்டியை வெட்டவில்லை.
வியாழனன்று ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.
ஒரு முறை கேட்டார். இன்னொரு முறை கேட்டார்.
பிறகு கழற்றாமலேயே, கொஞ்சம் சத்தமாக,

‘ஆறா?’

எண்ணிப் பார்த்தேன், ஆறுதான் என்றேன்.

மேசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
‘ஒன்றை வழியில் தின்றிருக்கும்’ என்றார்,
மூக்கடைத்த குரலில்.